அப்பா தொட்ட பச்சை

அப்பாவின் பேச்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனது. கொல்லைக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த சொம்பு விழுந்த சத்தம் கேட்டு அம்மா ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். துவைக்கிற கல்லை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "என்னன்னா? என்ன ஆச்சு?" என்று அம்மா கேட்டதற்கு, "த... த... தா" என்றார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த ஒன்றரை வருடமும் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சத்தம்தான்.

முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். அவர் ஏழாம் வகுப்பில் பருவக்காற்றைப் பற்றிச் சொல்வது எட்டாம் வகுப்பில் கணக்குப் போடுகிறவர்களுக்கும் கேட்கும் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். கோயிலில் பாராயணம் நடக்கும்போது கோஷ்டியில் யார் குரல் கேட்கிறதோ இல்லையோ, அப்பா குரல் கேட்கும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

செங்கல்பட்டில் பார்த்து, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதில் வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது என்றார் டாக்டர்.

"நாங்க பேசறது அவருக்குப் புரியுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் புரியலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

"படிக்க முடியுமா?"

"அதுவும் சொல்ல முடியாது. போகப்போகப் பாருங்க."

போகப்போகப் பார்ப்பது என்பது எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்றால், அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். "காபி வேணுமா?" அப்பா தலையை ஆட்டுவார். "வேண்டாமா?" அதற்கும் ஆட்டுவார். காபி கொண்டுவந்தால் இடது கையால் தட்டிவிடுவார். எடுத்துக்கொண்டு போனால் "தா... தா..." என்று கத்துவார். கத்தும்போது அவர் கண்ணைப் பார்க்க முடியாது. ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்கள் ஒரு மனிதரிடமிருந்து போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒருவர் சென்னையில் இருந்தார். இரண்டு முறை வண்டி வைத்துக்கொண்டு போனோம். இரண்டு முறையும் திரும்பி வந்ததும் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் முறை போகவில்லை. அவர் கொடுத்த படம் போட்ட அட்டையில் ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு கட்டில் இருந்தன. அந்த அட்டையை அப்பா கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வீசினார்.

நான் அவர்களுக்கு ஒரே பெண். அப்போது இருபத்தொன்பது வயது. காந்தி ரோட்டில் ஒரு மாடியில், பட்டுக்கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை. நாலு பேர், மூன்று கம்ப்யூட்டர். முதலாளி என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கல்லூரியில் எனக்கு சீனியர். அப்பா விழுந்து மூன்று மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். பகலில் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க, துடைத்துவிட, அம்மாவுக்குத் துணையாக இருக்க ஓர் அம்மாளை வைத்திருந்தோம். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதிருக்கும். நல்ல திடம். அப்பாவை ஒரே ஆளாகத் தூக்கி நாற்காலியில் வைத்துவிடுவார்.

விரலால் தொடுகிற போன்கள் ஊருக்குள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருந்த சமயம் அது. எங்கள் வாடிக்கையாளரான ஒரு பட்டுக்கடைக்காரருக்கு அவருடைய மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஒன்று வாங்கிவந்து கொடுத்திருந்தார். அதில் தன் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர் போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார்.

"இத பாரும்மா. பொடவ மேல கைய வெச்சா சாம்பல் பூசின மாதிரி ஆவுது. மாம்பழக் கலரு, அதும்மேல அழுக்குக் கட்டம். யாராச்சும் வாங்குவாங்களா?"

அவர் சொன்னது நிஜம். புடவைப் படத்தின் மேல் இருந்த இணைப்பை விரலால் தொட்டதும் மங்கலான சாம்பல் நிறக் கட்டம் ஒன்று அதன்மேல் படர்ந்தது. விரலை எடுத்ததும் மறைந்தது. எங்கள் பக்கத்தில் நாங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. போனில் இருந்த உலாவியே அதைப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ஒரே ஒரு வரி கிடைத்தது. பக்கத்தின் அலங்காரத்தையெல்லாம் எழுதுகிற சிஎஸ்எஸ் கோப்பில் அந்த வரியைச் சேர்த்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண் கொடுத்தால், தொடும்போது நாம் சொல்கிற நிறம் வரும். நாலாவதாக ஓர் எண் உண்டு. அந்த நிறம் எவ்வளவு கெட்டியாக வரவேண்டும் என்பது அது. அதைச் சைபர் ஆக்கினால் எதுவுமே வராது.

சைபர் ஆக்கினேன். கடைக்காரருக்கு சந்தோஷம். "இப்பத்தாம்மா நல்லாக்குது" என்று போய்விட்டார். எனக்குத்தான் சின்ன உறுத்தல். தொட்டோமா இல்லையா என்று தெரியாமல் நானே ஒரு புடவையை மூன்று முறை தொட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

சோதித்துப் பார்ப்பதற்கென்று முதலாளியும் அந்த மாதிரி ஒரு போன் வாங்கினார். ஆறு மாதத்தில் புதிய மாடல் வந்ததும் பழையதை என் மேசையில் வைத்தார். ஓரத்தில் கண்ணாடி கீறியிருந்தது. "நீயே வெச்சுக்கம்மா. அப்பாவுக்குப் பாட்டு கீட்டு போட்டுக் காமி" என்றார்.

பாட்டு போட்டுக் காட்டினேன். அப்பா பாட்டைக் கேட்கவில்லை. திரையையே பார்த்தார். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி மெதுவாக அதைத் தொட்டார். அவர் தானாகக் கை நீட்டி ஒன்றைத் தொட்டு மாதக்கணக்காகியிருந்தது. அன்றைக்கே என் மனதில் அந்த யோசனை விழுந்துவிட்டது.

இரண்டு நாளில் ஒரு பக்கம் செய்தேன். ஆறு கட்டங்கள், ஆறு சொற்கள். ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு. தொட்டு விரலை எடுத்தால் அந்தச் சொல் மட்டும் திரை முழுக்கப் பெரிதாக வரும். ஐந்து நொடியில் பழைய பக்கம் திரும்பிவிடும். அம்மாவிடம் காட்டினேன்.

"இது என்னடி, தண்ணீர்னு போட்டிருக்கே? நம்மாத்துல யாரு தண்ணீர்னு சொல்றா? தீர்த்தம்னு போடு. இல்லேன்னா அவருக்கு எப்படிப் புரியும்?"

தீர்த்தம் என்று மாற்றினேன். பசி, வலி, படுக்கணும், பாத்ரூம், வெளியே. அந்த ஆறில் அப்பாவின் உலகமே அடங்கிவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். முப்பத்து நான்கு வருடம் ஏழு கண்டங்களையும் கரும்பலகையில் கையாலேயே வரைந்து காட்டியவருக்கு ஆறு சொல். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பெரிய காரியம் செய்கிறோம் என்ற பரபரப்பில் இருந்தேன்.

முதல் நாள் எதுவும் நடக்கவில்லை. அவர் விரல் நடுங்கியதில் பக்கம்தான் மேலும் கீழும் நகர்ந்தது. நகராதபடி கட்டிப்போட்டேன். அடுத்த நாள் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். திறக்கவா, நகலெடுக்கவா என்று இங்கிலீஷில் ஒரு பட்டியல் கீழேயிருந்து எழும்பி வந்தது. அவர் பயந்து போனைப் போர்வைமேல் போட்டார். அந்தப் பட்டியல் வராமல் நிறுத்தவும் ஒரு வரி இருந்தது. நிறுத்தினேன். அதற்குப் பிறகும் அவர் தொட்டுவிட்டு ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். கண்ணில் புரை இருந்தது. வெள்ளைத் திரையில் அந்தச் சாம்பல் கட்டம் அவருக்குத் தெரியவே இல்லை. தான் தொட்டது போனுக்குத் தெரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பட்டுக்கடைக்கு அழித்த நிறத்தை அப்பாவுக்காகத் திரும்ப எழுதினேன். முதலில் கட்டங்களுக்கே நிறம் பூசிப் பார்த்தேன். ஆறு நிறமும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் கட்டங்கள் வெள்ளையாகவே இருக்கட்டும், தொடும்போது மட்டும் நிறம் வரட்டும் என்று வைத்தேன். தீர்த்தத்துக்கு நீலம், பசிக்கு மஞ்சள், வலிக்குச் சிவப்பு, படுக்கைக்கு ஊதா, பாத்ரூமுக்குப் பழுப்பு. 'வெளியே' என்பதற்குப் பச்சை. விரலை வைத்திருக்கும்வரை நிறம் இருக்கும். எடுத்தால் சொல் வரும்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா பச்சையைத் தொட்டார்.

விரலைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். திரை முழுக்க 'வெளியே' என்று வந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "வெளியே போணுமா? ஏன்னா, வெளியே அழைச்சுண்டு போட்டுமா?" அவர் "தா" என்றார். துணைக்கு இருந்த அம்மாளும் சேர்ந்து நாங்கள் மூன்று பேருமாக அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வாசற்படியில் பலகை போட்டு இறக்கி, தெருவில் தள்ளிக்கொண்டு கோயில் மதில் வரைக்கும் போனோம். கோபுரத்தைப் பார்த்து அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "அவரே சொன்னார். வெளியே போணும்னு அவரே சொன்னார்" என்றாள். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்போல அம்மா வேறு ஒரு மனுஷியாக இருந்தாள். உறவுக்காரர்கள் வந்தால் போனை எடுத்துக் காட்டுவாள். "இவ பண்ணிக் கொடுத்தது. இப்போ பேசறார்." அப்பாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்தக் காலத்தில் பேசாததையெல்லாம் பேசுவாள். அவர் ஏதாவது ஒரு கட்டத்தைத் தொடுவார். அதற்கு ஏற்றபடி பதில் சொல்லுவாள். தீர்த்தம் வந்தால் தீர்த்தம் கொடுப்பாள். சில சமயம் அவர் வாங்கிக் குடிப்பார். குடிக்காவிட்டால், "இப்போ வேண்டாமா? சரி, அப்புறம்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் அவர் அதிகம் தொட்டது 'வெளியே'தான். காலையில், சாப்பிட்டதும், மத்தியானத்து வெயிலில், எப்போதும். அம்மாவுக்கு மூட்டுவலி. இருந்தாலும் அவர் கேட்டார் என்றால் தட்டமாட்டாள். ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து சாப்பிட வந்தபோது, பன்னிரண்டரை மணி வெயிலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அப்பாவின் தலைமேல் ஈரத்துண்டு. அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

அன்றைக்கு அம்மா அசந்து படுத்ததும், துணைக்கு இருந்த அந்த அம்மாள் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்கம்மா."

"சொல்லுங்க."

"சாரு வெளிய போவத் தொடல. அந்தப் பச்ச வருது பாருங்க, அதுக்காவத் தொடுறாரு. வெளிய இட்டுக்கினு போனா மூஞ்சிய சுளிக்கிறாரு. மாமி கைல சொல்ல மனசு வர்ல. அவங்க அவ்ளோ ஆசையா தள்ளிக்கினு போறாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பகல் முச்சூடும் நான்தானேம்மா பாத்துக்கினு கீறேன். வெரல எடுக்கவே மாட்டாரு. பச்சய அப்டியே பாத்துக்கினே இருப்பாரு. எடுத்தப்புறம் வருதே எழுத்து, அத அவரு பாக்கறதே இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவரிடம் காட்டவில்லை. மத்தியானம் முழுக்க வேலை ஓடவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். சாயங்காலம் அம்மா தாயாரைச் சேவிக்கக் கோயிலுக்குப் போனாள். துணை அம்மாள் நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு நிறங்களின் எண்களை இடம் மாற்றினேன். பச்சை 'வலி'க்குப் போனது. சிவப்பு 'வெளியே'வுக்கு வந்தது. சொற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. போனை அப்பாவின் மடியில் வைத்தேன்.

அவர் வழக்கமான இடத்தில் விரலை வைத்தார். சிவப்பு வந்தது. உடனே எடுத்துவிட்டார். 'வெளியே' என்று சொல் பெரிதாக வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பழைய பக்கம் வந்ததும் மறுபடி அதே இடம். மறுபடி சிவப்பு. அவர் நெற்றி சுருங்கியது. பக்கத்துக் கட்டம். பழுப்பு. மேலே, ஊதா. அதற்கு மேலே, மஞ்சள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். 'வலி'யைத் தொட்டதும் பச்சை வந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. முகம் இளகியது. வாயின் சரிந்த பக்கத்தில் எச்சில் வழிய அவர் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். பச்சையைப் 'பசி'க்கு மாற்றினேன். தேடிக் கண்டுபிடித்தார். 'படுக்கணும்' என்பதற்கு மாற்றினேன். கண்டுபிடித்தார். மறுபடி 'வலி'க்கு மாற்றினேன். அந்தச் சமயத்தில் அம்மா குங்குமப் பிரசாதத்தோடு உள்ளே வந்தாள்.

வந்தவள் கண்ணில் பட்டது திரை முழுக்க 'வலி' என்ற எழுத்து. அப்பா மறுபடி தொட்டார். மறுபடி 'வலி'. மறுபடியும்.

"எங்க வலிக்கறது? ஏன்னா, எங்க வலிக்கறது? மாரா?" அவள் பிரசாதத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் நெஞ்சைத் தடவினாள். "பாத்துண்டு நிக்கறியேடி! டாக்டருக்குப் போன் பண்ணு."

"வலி இல்லம்மா" என்றேன்.

"வலிக்கறதுன்னு சொல்லிண்டே இருக்கார். நீ இல்லேங்கறே."

"நான்தான் மாத்தி வெச்சேன். பச்சையைக் கொண்டுபோய் வலில வெச்சேன். அவர் பச்சையைத்தான் தேடறார். சொல்லைப் பாக்கலை. இத்தனை நாளும் பாக்கலை."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"அவரைச் சோதிச்சியா?"

நான் போனை அப்பாவின் மடியிலிருந்து எடுத்தேன்.

"ஆயிரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வெச்சவர். வாயில்லாம உக்காந்திண்டிருக்கார். அவருக்கு நீ பரீட்சை வெச்சியா? நான் கோயிலுக்குப் போன சமயம் பாத்து?"

"உன் கால் போறதேம்மா. வெயில்ல நீ தள்ளிண்டு..."

"என் கால் போனா உனக்கென்ன? நான் கேட்டேனா? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

தெரியும் என்றாளா, தெரியாது என்றாளா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் கேட்டதும் இல்லை. அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தா" என்றார். யாரும் திரும்பவில்லை.

அந்த ஆத்திரத்தில் நான் செய்ததுதான் இன்னும் மோசம். ஏமாந்தது போதும், நிறம் இருப்பதால்தானே இந்தக் குழப்பம், இல்லாவிட்டால் சொல்லைப் பார்க்கிறாரா என்று தெரிந்துவிடும் என்று ஆறு இணைப்புகளிலும் அந்த நாலாவது எண்ணைச் சைபர் ஆக்கினேன்.

மறுநாள் காலை அப்பா போனைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கட்டத்தைத் தொட்டார். அதிலும் வரவில்லை. ஆறையும் தொட்டார். திரும்பவும் முதலிலிருந்து ஆறையும் தொட்டார். சொற்கள் வந்து வந்து போயின. அவர் விரலைத் தூக்கி அதன் நுனியைப் பார்த்தார். விரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார் போலிருக்கிறது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தபோது கரண்ட் போயிற்று. அந்த நாட்களில் தினமும் போகும். இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. நிறங்களையெல்லாம் பழைய இடத்தில் பழைய மாதிரியே வைத்தேன். பச்சையை இன்னும் கெட்டியாக்கினேன். போனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைக் கட்டிலின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்.

நான் அவர் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். பச்சை வந்தது. அவர் விரலை இழுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன். அவர் அந்தப் போனை மறுபடி தொடவே இல்லை.

அந்த மாதங்களில்தான் எனக்கு இன்னொன்று தோன்றியது. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குப் பேச்சோடு எழுத்தும் போய்விடும், எழுத்து வெறும் கோடாகத்தான் தெரியும் என்று எங்கேயோ படித்தேன். அப்பாவுக்கும் எழுத்து போயிருந்தால்? அந்த முதல் சனிக்கிழமை, பச்சையைத் தொட்டதும் நாங்கள் அவரைத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனோம். பச்சை என்றால் தெரு என்று அவர் அன்றைக்கே பிடித்துக்கொண்டிருக்கலாம். 'வெளியே' என்ற எழுத்து அவருக்கு இல்லாமல் போனபோது அந்த நிறமே அவர் சொல்லாக இருந்திருக்கலாம். மத்தியான வெயிலில் முகம் சுளித்தது வெயிலுக்காக இருந்திருக்கலாம். அப்படியென்றால் அவர் அந்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு கட்டமாகத் தேடியது தொலைந்துபோன தன் சொல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை ஒளித்து ஒளித்து வைத்தவள் நான்.

அல்லது அந்த அம்மாள் சொன்னதே சரியாக இருக்கலாம். அழகான ஒரு பச்சை, அவ்வளவுதான். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் நானே செய்துவிட்டேன்.

அம்மா என்னோடு பேசாமல் இல்லை. சாப்பாடு போட்டாள், மழை வரும் குடை எடுத்துக்கொள் என்றாள். அப்பாவைப் பற்றி மட்டும் என்னிடம் பேசவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். பழையபடி "காபி வேணுமா? வேண்டாமா?" என்பதோடு சரி. அவர் இரண்டுக்கும் தலையாட்டுவார். பிறகு பிறகு அதுவும் குறைந்தது. நாற்காலி கூடத்து மூலையில் மடித்து நிறுத்தப்பட்டிருந்தது. துணை அம்மாள் ஒருநாள் என்னிடம், "நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்மா" என்றார். "நீங்க என்ன பண்ணுவீங்க" என்றேன். அடுத்த மாதத்தோடு அவரும் நின்றுவிட்டார். மகள் பிரசவம் என்று காரணம் சொன்னார்.

ஐப்பசி மழையில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்று நாள் காய்ச்சல். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வண்டி வருவதற்காகக் காத்திருந்தபோது அவர் முனகிக்கொண்டே இருந்தார். "தா" கூட இல்லை, வெறும் மூச்சில் ஒரு முனகல். அம்மா அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"எங்க வலிக்கறது? இங்கயா? வயத்துலயா? தீர்த்தம் வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோளேன்."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். அலமாரியிலிருந்து போனை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். "இதைப் போடு." அதில் சார்ஜ் இல்லை. செருகி, உயிர் வந்து, பக்கம் திறப்பதற்குள் பத்து நிமிடம் ஆனது. அவள் அதை அவர் கைக்கு அடியில் வைத்து, "தொடுங்கோ, எது வேணும்னாலும் தொடுங்கோ" என்றாள். அவர் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கின. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவர் திரும்ப மூடிக்கொண்டார். வாசலில் வண்டி வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்.

பதின்மூன்று நாள் காரியங்களும் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "கடைசில அவருக்கு என்ன வேணும்னு தெரியாமலே அனுப்பிட்டோம்."

'டோம்' என்று சொன்னாள். என்னைத் தனியாக விட்டுவிடாமல் தன்னையும் சேர்த்துக்கொண்டாள். அதில் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளும் என்னோடு சேர்ந்து சுமக்கப்போகிறாள் என்பதுதான் தோன்றியது. அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பேச்சும் இல்லாமல் திடீரென்று, "எனக்கு அப்படி ஏதாவது வந்து வாய் போயிடுத்துன்னா, நீ ஒண்ணும் பண்ணாதே" என்றாள்.

"என்னம்மா பேச்சு இது?"

"கேள்வியும் கேக்காதே. பக்கத்துல உக்காந்துக்கோ, போறும்."

சரி என்றேன். அவள் என் புடவையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக அதை உதறி மடித்தோம்.